சர்க்கரை என்று மட்டும் சொன்னவர்

மொழி கற்பிக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் சிலர் சமீபத்தில் என்னைப் பார்க்க வந்திருந்தீர்கள். ஆளாளுக்குக் கைபேசியை நீட்டினீர்கள். உச்சரிப்பைத் திருத்துவது ஒன்று, மறந்த சொல்லை நினைவுபடுத்துவது ஒன்று, பாடம் படிக்காவிட்டால் கோபித்துக்கொள்வது ஒன்று என்று என்னென்னவோ காட்டினீர்கள். "இதெல்லாம் இல்லாம எப்படிங்க மேடம் சமாளிச்சீங்க?" என்று ஒரு பெண் கேட்டாள். நான் சிரித்து மழுப்பிவிட்டேன். நீங்கள் படியிறங்கிப் போன பிறகுதான் யோசித்தேன். இல்லாமல் எங்கே சமாளித்தோம்? எங்களுக்கும் இருந்தது. நாங்களும் உங்களைப் போலவே அதை நம்பினோம். அந்த நம்பிக்கை எந்த இடம் வரைக்கும் கூட வந்தது, எந்த இடத்தில் என்னைத் தனியாக விட்டது என்று சொல்லியிருக்கலாம். அதை இப்போது எழுதுகிறேன்.

நான் திருப்பூரில் ஜெர்மன் சொல்லிக் கொடுத்தேன். பனியன் ஊரில் ஜெர்மன் யாருக்கு என்று கேட்காத ஆள் இல்லை. ஆர்டர் கொடுக்கிறவர்களில் பலர் அந்த நாட்டுக்காரர்கள். துணி பின்னுகிற பெரிய வட்ட இயந்திரங்களும் அங்கிருந்து வந்தன. ஏற்றுமதி அலுவலகங்களில் உட்கார்ந்து, வெளிநாட்டு வாடிக்கையாளருக்குக் கடிதம் எழுதி, சாம்பிள் அனுப்பி, சரக்கு கப்பல் ஏறும்வரை கூடவே ஓடுகிற மெர்ச்சண்டைசர் பிள்ளைகள்தான் என் மாணவர்கள். ஒரு பேக்கரியின் மாடியில் இரண்டு அறைகள். மாலை வகுப்பில் இலக்கணத்தோடு சேர்ந்து பன் வேகும் வாசனையும் வரும். யாருக்கும் பாடத்தில் மனம் நிற்காது.

ஆரம்பத்தில் என்னிடம் இருந்தவை ஒரு பாடப்புத்தகம், நாடா இழுபட்டுப்போன ஒலிநாடாக்கள், செங்கல் கனத்தில் ஓர் அகராதி. பிறகு தெருவுக்குத் தெரு பிரவுசிங் சென்டர் வந்தது. அதற்குப் பிறகு என் அறைக்கே பிராட்பேண்ட் வந்தது. இலவசமாகக் கேட்கக்கூடிய வானொலிப் பாடங்கள், தட்டினால் பொருள் சொல்லும் அகராதி, தானே மதிப்பெண் போடும் பயிற்சித் தேர்வுகள், முழுக் கடிதத்தையும் ஒரே மூச்சில் மொழிபெயர்த்துத் தரும் பக்கம் எல்லாம் கிடைத்தன. பட்டினி கிடந்தவளைக் கல்யாணப் பந்தியில் உட்கார வைத்ததுபோல இருந்தது.

ஆனால் எனக்கு அவற்றில் எல்லாம் பெரியதாகப் பட்டது வேறு. அயல்மொழி ஆசிரியர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் ஓர் இணைய மன்றம். இந்த ஊரில் ஜெர்மன் ஆசிரியை என்றால் எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான். சந்தேகம் வந்தால் சுவரிடம்தான் கேட்க வேண்டும். அந்த மன்றம் எனக்கு ஆசிரியர் அறையாக இருந்தது. அங்கே ஒருவர் ஃபென்ஸ்டர் என்ற பெயரில் எழுதுவார். ஜெர்மனில் அதற்கு ஜன்னல் என்று பொருள். ஆணா பெண்ணா, எந்த நாடு, என்ன வயது, எதுவும் தெரியாது. கடைசிவரை தெரியவில்லை. எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுக் கொடுத்தவர் யார் என்று யாராவது கேட்டால் அவரைத்தான் சொல்வேன்.

ஒருமுறை என் மாணவர் ஒருவருக்கு வாடிக்கையாளரிடமிருந்து கடிதம் வந்தது. "முஸ்டர்" உடனே அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார்கள். இவர் இணைய அகராதியில் தட்டினார். முதல் வரியில் பேட்டர்ன் என்று வந்தது. துணி வெட்டுவதற்கு வைத்துக்கொள்ளும் காகித வடிவத்தை இங்கே பேட்டர்ன் என்பார்கள். இவரும் காகிதங்களை அழகாகச் சுருட்டிக் கூரியரில் அனுப்பிவிட்டார். அவர்கள் கேட்டது சாம்பிள் சட்டை. ஜெர்மனில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். மூன்றாவது வரியில் சாம்பிள் என்றும் இருந்தது. அவர் அதுவரை இறங்கிப் போகவில்லை. அகராதியைத் திட்டி மன்றத்தில் நீளமாக எழுதினேன். ஃபென்ஸ்டரின் பதில் சின்னது. அகராதி தப்பாகச் சொல்லவில்லை, உங்கள் மாணவர் எந்த மேசையில் உட்கார்ந்து அதைத் தட்டினார் என்று அதற்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும் என்று எழுதியிருந்தார். அதிலிருந்து சொல்லைத் தனியாகத் தேடாதீர்கள், வாக்கியத்தோடு தேடுங்கள் என்று வகுப்பில் சொல்ல ஆரம்பித்தேன். பிள்ளைகளும் அப்படியே செய்தார்கள். அதோடு அந்தப் பாடம் முடிந்துவிட்டது என்றே நினைத்திருந்தேன்.

இப்போது பிரின்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பிரின்சி பெருமாநல்லூரில் ஒரு கம்பெனியில் இளநிலை மெர்ச்சண்டைசர். சாத்தான்குளம் பக்கத்திலிருந்து சாயப்பட்டறை வேலைக்கு வந்த குடும்பம். இவள் பி.காம் முடித்துவிட்டு அலுவலகத்தில் சேர்ந்தாள். வகுப்பில் கடைசி வரிசையில் உட்காருவாள், சத்தமே வராது. பயிற்சித் தேர்வுகளில் நடுத்தர மதிப்பெண். "எனக்குப் படிச்சா ஏறுது டீச்சர், பேசத்தான் வரமாட்டேங்கு" என்பாள்.

அந்தக் கோடையில் அவள் கம்பெனியில் புதிய பின்னல் இயந்திரங்கள் இறக்கினார்கள். அவற்றைப் பூட்டிக் கொடுக்க வெர்னர் என்று ஒரு ஜெர்மன் தொழில்நுட்பக்காரர் வந்திருந்தார். ஓய்வை நெருங்கிய வயது, பெரிய உடம்பு, மென்மையான பேச்சு. ஆங்கிலம் நன்றாகவே பேசுவார், அதனால் மொழிபெயர்க்க ஆள் தேவைப்படவில்லை. பிரின்சி தினமும் காலையில் அவரிடம் ஜெர்மனில் வணக்கம் சொல்லுவாள். அவர் நின்று, பதிலுக்கு வணக்கம் சொல்லி, அவள் உச்சரிப்பில் ஒன்றைத் திருத்திவிட்டுப் போவார். அதை வகுப்பில் வந்து சொல்லும்போது அவள் முகம் மலர்ந்திருக்கும்.

நடந்ததை, நான் பிறகு தெரிந்துகொண்டதையும் சேர்த்து, வரிசையாகச் சொல்கிறேன்.

இயந்திரத்தை முதன்முதலாக ஓட்டுகிற நாள். பூஜைக்கு ஏற்பாடு. பூசணிக்காய், எலுமிச்சை, சந்தனம், தட்டு நிறைய லட்டு. வெர்னருக்குச் சர்க்கரை நோய் உண்டு என்று யாருக்கும் தெரியாது. மதியச் சாப்பாடு தயார் என்று சொன்னதும் அவர் அலுவலக அறையில் வழக்கம்போல இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டார். அதே சமயம் முதலாளியிடமிருந்து போன் வந்தது. ராகுகாலம் கழித்துக் கிளம்புகிறேன், பூஜை முடித்துவிட்டு எல்லோரும் ஒன்றாகச் சாப்பிடலாம் என்று. வெர்னரை மரியாதையாக ஷெட்டுக்கு அழைத்து வந்து நிறுத்தினார்கள். ஊசி போட்ட பிறகு சாப்பாடு தள்ளிப்போகக் கூடாது என்று சொல்லாமல் அவரும் மரியாதைக்காக நின்றார். அவசரத்துக்கு வைத்திருக்கும் இனிப்பு மாத்திரை அவருடைய கோட்டில் இருந்தது. கோட்டு முதலாளியை அழைத்துவரப் போன காரில் இருந்தது.

நின்றவர் தள்ளாடினார். நூல் பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்தார். கை நடுங்கியது, பேச்சுக் குழறியது. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அவ்வளவு நன்றாக ஆங்கிலம் பேசுகிறவர், அந்த நிலையில் ஆங்கிலத்தை அடியோடு இழந்துவிட்டார். உடம்பு தடுமாறும்போது, பின்னால் கற்றுக்கொண்ட மொழிதான் முதலில் கழன்று போகும். இதை எந்தப் பயிற்சிப் பட்டறையிலும் எனக்குச் சொன்னதில்லை.

பின்னல் பகுதியைப் பார்க்கும் நிட்டிங் மேனேஜர் பொன்னுசாமி அவருடைய இடுப்புப் பையைத் திறந்து பார்த்தார். பேனா வடிவ இன்சுலின் ஊசி இருந்தது. பொன்னுசாமி கணியூர்க்காரர், பொறுமைசாலி, கூட இருப்பவர்களைக் கைவிடாத மனிதர். சர்க்கரைக்காரர் என்று அவருக்கு உடனே புரிந்துவிட்டது. அப்போது வெர்னர் கையை நீட்டி லட்டுத் தட்டை இழுத்தார். பொன்னுசாமி தட்டைப் பதமாக எடுத்துத் தள்ளி வைத்தார். வெர்னர், "ட்சுக்கர்" என்றார். பிறகும் "ட்சுக்கர், ட்சுக்கர்."

பக்கத்தில் நின்ற பீகார்க்கார ஆபரேட்டர், "ஷக்கர் போல் ரஹா ஹை, சார்" என்று இந்தியில் சொன்னார், சர்க்கரை என்கிறாராம். ஆபீஸ் பையன்கள் ஓடிப்போய்க் கணினியில் மொழிபெயர்ப்புப் பக்கத்தைத் திறந்து, எழுத்தை மாற்றி மாற்றித் தட்டி, கடைசியில் கண்டுபிடித்துவிட்டார்கள். சர்க்கரை என்று வந்தது. ஜெர்மனிலும் இந்தியிலும் தமிழிலும் கிட்டத்தட்ட ஒரே ஒலி. அங்கே இருந்த அத்தனை பேருக்கும் அந்தச் சொல் புரிந்தது. தனக்குச் சர்க்கரை இருக்கிறது என்று சொல்கிறார், பாவம், என்று முடிவுக்கு வந்தார்கள். லட்டுத் தட்டு ஷெட்டுக்கு வெளியே போனது.

கம்பெனிக்கு வழக்கமாக வரும் டாக்டர் போனை எடுக்கவில்லை. வேன் ஒன்று சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தது. அந்த இடைவெளியில்தான் என் போன் அடித்தது. பிரின்சி அழைத்தாள். பேசியது பொன்னுசாமி.

"டீச்சருங்களா? ஒரு அவசரமுங்க. அந்த ஜெர்மன்காரரு மயக்கமா இருக்காருங்க. சர்க்கரை இருக்குதாமா. லட்டை லட்டைப் பார்த்துக் கையை நீட்டறாருங்க. குடுக்கலாமுங்களா, வேண்டாமுங்களா?"

நான் அடுத்த வாரப் பாடத்துக்குப் பயிற்சித்தாள் தயாரித்துக்கொண்டு கணினி முன்னால் உட்கார்ந்திருந்தேன். உங்களுக்கு வரும் அதே எண்ணம்தான் எனக்கும் வந்தது. தேடிப் பார்த்துவிடலாம். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு தட்டினேன். சர்க்கரை கூடினால் என்ன ஆகும் என்று ஒரு பக்கம், குறைந்தால் என்ன ஆகும் என்று ஒரு பக்கம். படங்கள் மெதுவாக மேலிருந்து இறங்கின. இரண்டு பக்கத்திலும் சோர்வு இருந்தது. இரண்டிலும் குழப்பம் இருந்தது. குறைந்தால் வேர்க்கும் என்று ஒன்றில் இருந்தது.

"வேர்க்குதா?" என்று கேட்டேன்.

பிரின்சி போனை வாங்கியிருந்தாள். "எல்லாருக்கும்தான் வேர்க்குது டீச்சர், தகர ஷெட்டு. எனக்கே சட்டையெல்லாம் நனைஞ்சிருக்கு."

அந்தப் பக்கம் பொன்னுசாமியின் குரல் கேட்டது. "எங்கப்பனுக்கு இந்தச் சர்க்கரையிலதானுங்க காலை எடுத்தாங்க. தெரிஞ்சு தெரிஞ்சு எப்படீங்க இனிப்பைக் குடுக்கறது?"

நான் திரையிலிருந்து கண்ணை எடுத்தேன். எனக்கு மருத்துவம் தெரியாது. மொழி தெரியும். அதிலிருந்து என்ன செய்யலாம் என்று மட்டும் யோசித்தேன்.

"பிரின்சி, அவர் சொன்ன வாக்கியம் என்ன? முழுசாச் சொல்லு."

"வாக்கியமே இல்ல டீச்சர். வெறும் ட்சுக்கர், ட்சுக்கர்ன்னுதான் சொல்லுதாரு."

"வினைச்சொல்?"

"சொல்லல டீச்சர்."

"அப்ப நீ கேளு. இருக்கிறதா, வேண்டுமா? ரெண்டுக்கும் உனக்கு வினை தெரியும்."

"அவரு பாதி மயக்கத்துல இருக்காரு. எனக்கு வாய் வராது டீச்சர், நீங்க கேளுங்க."

"என் குரல் அவருக்குப் போனில் புரியாது. உன் முகம் அவருக்குத் தெரியும். கிட்டே போய் உட்கார்ந்து கேளு."

போன் எங்கேயோ உரசும் சத்தம். பிறகு அவள் குரல், வகுப்பில் நான் ஒருநாளும் கேட்டிராத அளவு உரத்து வந்தது. "ஹெர் வெர்னர்! ஹாபன் ஸீ ட்சுக்கர்?" சர்க்கரை இருக்கிறதா?

"யா," ஆமாம், என்றது ஒரு குழறல்.

அவள் நிறுத்தவில்லை. "ப்ரௌகன் ஸீ ட்சுக்கர்?" சர்க்கரை வேண்டுமா?

"யா! ப்ரௌக. ப்ரௌக. ஷ்னெல்." வேண்டும், வேண்டும், சீக்கிரம்.

"என்னங்க இது, ரெண்டுக்கும் ஆமாங்கறாரே?" என்றார் பொன்னுசாமி.

இரண்டும் உண்மை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவருக்குச் சர்க்கரை நோயும் இருக்கிறது, சர்க்கரையும் வேண்டும். ஆனால் இரண்டாவது கேள்விக்குத்தான் அவர் வினைச்சொல்லைத் தானே எடுத்துச் சொன்னார். சீக்கிரம் என்றும் சொன்னார். "கொடுக்கச் சொல்லு பிரின்சி" என்றேன்.

"நீங்க பொறுப்பேத்துக்குவீங்களா டீச்சர்?" போனை வாங்கிய பொன்னுசாமி மிரட்டவில்லை. பயந்துபோய்க் கேட்டார்.

"ஏத்துக்கறேன்."

அவர் அதற்கும் தயங்கினார் போலிருக்கிறது. யாரோ டீக்கடையிலிருந்து டீ வந்திருப்பதாகச் சொன்னார்கள். "சீனி போடுங்க அண்ணே, அள்ளிப் போடுங்க" என்று பிரின்சி கத்தியது கேட்டது. பிறகு தொடர்பு அறுந்துவிட்டது.

நான் திரும்பத் திரும்ப அழைத்தேன். யாரும் எடுக்கவில்லை. கணினியில் அந்த இரண்டு பக்கங்களும் முழுவதுமாக வந்திருந்தன. படிக்கப் படிக்க நான் சொன்னது சரி என்று ஒரு பத்தி சொன்னது, இல்லை என்று இன்னொரு பத்தி சொன்னது. கீழே பேக்கரியில் யாரோ பிறந்தநாள் கேக்குக்குப் பெயர் எழுதச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் பொன்னுசாமிதான் அழைத்தார். "எந்திரிச்சு உக்காந்துட்டாருங்க. தலையைத் துவட்டிட்டு, பூஜை எப்பன்னு கேக்கறாருங்க." பிறகு தானாகவே சொன்னார். "நான் தட்டை எடுத்து வெளிய வச்சவனுங்க டீச்சர். நான்."

வேன் வந்து, எதற்கும் இருக்கட்டும் என்று வெர்னரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். அங்கே டாக்டர் சொன்னதையும் உங்களிடம் மறைக்கக் கூடாது. நினைவோடு இருக்கிறார், விழுங்க முடிகிறது என்றால், கூடியதா குறைந்ததா என்று தெரியாவிட்டாலும் சர்க்கரை கொடுத்துவிடலாம், கூடியிருந்தால் இன்னும் கொஞ்சம் கூடும், குறைந்திருந்தால் உயிர் தப்பும் என்றாராம். ஒரு டாக்டர் போனை எடுத்திருந்தால் என் வினைச்சொல்லுக்கு வேலையே இருந்திருக்காது. ஆனால் எடுக்கவில்லை. இருந்தவள் பிரின்சி.

அந்த வாரமே மன்றத்தில் எல்லாவற்றையும் எழுதினேன். எழுதும்போது பெருமையாகத்தான் இருந்தது. பாராட்டுகள் குவிந்தன. போலந்திலிருந்து ஓர் ஆசிரியர் இருக்கிறது, வேண்டும் என்ற இரண்டு வினைகளையும் வைத்து ஒரு பயிற்சித்தாளே தயாரித்துப் போட்டுவிட்டார். நல்ல பயிற்சித்தாள். நானும் பயன்படுத்தினேன். இரண்டு பெயர்ச்சொற்களை மனப்பாடம் செய்வதைவிட ஒரு வினைச்சொல் மேல் என்று விவாதம் நீண்டது. எல்லாம் அடங்கிய பிறகு ஃபென்ஸ்டர் ஒரே வரி எழுதினார்.

"அந்தப் பெண் எப்படி இருக்கிறாள்?"

பிரின்சி அதற்குப் பிறகு வகுப்புக்கு வரவில்லை. சரக்கு ஏற்றும் நெருக்கடியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இங்கே மாணவர் வராததற்கு எப்போதும் அதுதான் காரணம். அந்த வரியைப் படித்ததும் பெருமாநல்லூர் பஸ் ஏறினேன்.

வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று. அவள் அம்மா வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார். "உள்ள வாங்க டீச்சர். இவ சரியாச் சாப்பிட மாட்டேங்கா, ஒறங்க மாட்டேங்கா. கம்பெனியில எல்லாரும் புகழுதாவ, இவ என்னடான்னா மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்கா."

பிரின்சி சுவரோரம் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் அருகில் உட்கார்ந்தேன். நன்றாகச் செய்தாய் என்று சொல்லத்தான் போயிருந்தேன். அவள் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

"அவரு செத்துப் போயிருந்தா நான் என்ன சொல்லியிருப்பேன் டீச்சர்? 'ப்ரௌக', வேணும்னு அவரே சொன்னாருன்னா? அத யாரு நம்புவா?"

"நான்தான் பொறுப்பு என்று சொன்னேனே."

"சொன்னீங்க. கேக்க நல்லா இருந்துச்சு." மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள். "ஆனா டம்ளரு என் கையில இருந்துச்சு."

நாம் வகுப்பறையிலிருந்து ஆட்களை அனுப்புகிறோம். அவர்கள் போய் நிற்கிற இடத்தில் நாம் இருப்பதில்லை. அவள் அம்மா டீ கொண்டு வந்தார். யாரும் குடிக்கவில்லை. நான் கேட்டேன், "நான் உனக்கு எதைச் சொல்லிக் கொடுத்திருந்தால் அன்றைக்கு உதவியாக இருந்திருக்கும்?"

"கேள்வி கேக்க," என்றாள். "நீங்க குடுக்குற பயிற்சி எல்லாத்துலயும் நாங்க பதில்தான் சொல்லுதோம். கம்ப்யூட்டர்ல நாலு கட்டம் இருக்கும், ஒண்ண அமுக்கணும். எனக்குப் புரியல, திருப்பிச் சொல்லுங்கன்னு அமுக்க ஒரு கட்டமும் கெடையாது. அன்னைக்கு நீங்க கேளுன்னு சொல்லுற வரைக்கும், கேக்கலாம்னே எனக்குத் தோணல. அவரு சொன்னதுக்கு அர்த்தம் கண்டுபிடிக்கணும்னுதான் தோணுச்சு."

பஸ்ஸில் திரும்பும்போது என் கணினியில் இருந்த பயிற்சிகளை ஒவ்வொன்றாக மனத்தில் ஓட்டிப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. நான் தேடித் தேடிச் சேர்த்த அத்தனை தளங்களிலும் ஒலியைக் கேட்டதும் பதில் சொல்ல வேண்டும். தெளிவாகப் பேசுவார்கள், சரியான பதில் ஒன்று இருக்கும், நேரம் ஓடிக்கொண்டிருக்கும். கேட்டவர் குழம்பினால் திரும்பக் கேட்கலாம் என்பதற்கு அங்கே இடமே இல்லை. நிஜத்தில் நம் மாணவர் செய்யக்கூடிய மிக நல்ல காரியம் பல சமயம் அதுதான்.

அதை மன்றத்தில் எழுதினேன், இந்த முறை பெருமை இல்லாமல். ஃபென்ஸ்டர் ஓர் ஒலிப்பதிவை அனுப்பினார். யாரோ ஒருவர் ரயில் நிலையத்தில் பேசுகிறார், பாதிச் சொற்கள் இரைச்சலில் போய்விடுகின்றன. இதற்குப் பதில் கேட்காதீர்கள், என்ன கேள்வி கேட்பார்கள் என்று கேளுங்கள் என்று குறிப்பு. மற்றவர்களும் ஆளுக்கொன்று அனுப்பினார்கள். சந்தை, ஆஸ்பத்திரி வரவேற்பறை, கோபமான அப்பா ஒருவர், பல் இல்லாத ஒரு தாத்தா. அவற்றை வைத்து என் வகுப்பை மாற்றினேன். நல்ல கேள்விக்கு மதிப்பெண், வேகமான பதிலுக்கு இல்லை. பிள்ளைகளுக்குக் கட்டணம் கட்டும் சில கம்பெனிகள் இது என்ன புதுசாக என்று முணுமுணுத்தன. பிள்ளைகள் முதலில் திணறினார்கள். தெரியவில்லை என்று சொல்வது நம் ஊரில் கூச்சமான காரியம். அதை மரியாதையாக, இன்னொரு மொழியில் சொல்லப் பழகியதும் அவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

உங்களிடம் இருக்கும் செயலிகள் எங்களுடையதைவிட எவ்வளவோ கெட்டிக்காரத்தனமானவை. அவற்றை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒவ்வொன்றையும் எடுக்கும்போது, இதில் என் மாணவர் குழம்பி நின்றால் என்ன செய்ய முடியும் என்று ஒருமுறை பாருங்கள். ஒன்றும் செய்ய முடியாது என்றால் அந்த இடத்தில் நீங்கள் இருக்க வேண்டும். அந்த மன்றம் பிறகு ஒருநாள் மூடப்பட்டுவிட்டது. விடைபெறக்கூட முடியவில்லை. ஃபென்ஸ்டருக்கு நன்றி சொல்லி எழுதிய கடைசிக் குறிப்பு போய்ச் சேர்ந்ததா என்று எனக்குத் தெரியாது.

பிரின்சி திரும்பி வந்த நாளைச் சொல்லி முடிக்கிறேன்.

மழை தொடங்கியிருந்த ஒரு மாலை. வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு வாசலில் நின்றாள். உள்ளே வரச் சொன்னேன். வெர்னர் அன்றைக்கு ஊருக்குக் கிளம்பிவிட்டதாகச் சொன்னாள். போகுமுன் அவளுடைய மேசைக்கு வந்து, கையைப் பிடித்து நன்றி சொல்லியிருக்கிறார்.

"ஆனா அவருக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல டீச்சர். இங்கிலீஷ்ல பேசினதாத்தான் நெனச்சிக்கிட்டு இருக்காரு. 'எனக்குச் சர்க்கரை கொறஞ்சிருக்கு, தயவுசெஞ்சு இனிப்பு ஏதாவது குடுங்கன்னு எவ்வளவு தெளிவாச் சொன்னேன், ஏன் ஒருத்தருக்கும் புரியல'ன்னு கேக்குதாரு. வருத்தமாக் கேக்குதாரு."

"நீ என்ன சொன்னாய்?"

அவள் நனைந்த செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

"'நீங்க வெறும் ட்சுக்கர்னுதான் சொன்னீங்க'ன்னு சொல்லிரலாமான்னுதான் வாய் வரைக்கும் வந்துச்சு. அப்புறம் அவரு மூஞ்சியப் பாத்தேன். மன்னிச்சுக்கோங்க சார், ஷெட்டுல ஒரே கூட்டமா இருந்துச்சு, எங்க காதுல சரியா விழலன்னு சொல்லிட்டேன்."

"ஆங்கிலத்திலா?"

"இல்ல டீச்சர்," என்றாள். "ஜெர்மன்லதான்."